கச்சானுக்கு ரெண்டு கரை

சிரிப்பு ஒன்று கைவசம் இருக்கிறது. கேட்டால் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுவீர்கள், அப்படிப்பட்ட சரக்கு. ஆனால் இப்போது தரமாட்டேன், பொறுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கிறாள். கன்னியாகுமரியில், கடலைப் பார்த்த குட்டைச் சுவரில், நானும் அம்மாவும் அப்பா வருகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறோம். ஒன்பது வருஷமாக முகம் பார்த்துக்கொள்ளாத அப்பா. அதாவது நான் வருஷா வருஷம் மே மாசம் குளச்சல் பக்கம் போய் அவரோடு இருந்துவிட்டு வருவேன், அவளுக்குத்தான் ஒன்பது வருஷம். இந்த இடத்தில் வேறு நாளாக இருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் தெரியுமா. அதோ கலர் மணல் பொட்டலம் விற்கிறவர் குரலில் ஒரு கூவல் கூவி அவரையே திரும்பிப் பார்க்க வைத்திருப்பேன். மைக்கில் பேசுகிற போலீஸ்காரர் குரலில் 'மஞ்சச் சட்டை, தண்ணியிலேர்ந்து மேல ஏறு' என்று அதட்டி நாலு மஞ்சள் சட்டைகளைக் கரையேற்றியிருப்பேன். எங்கள் ஊர் ஏலக்காரர், பங்குச் சாமியார், மூக்கடைத்த ஹெட்மாஸ்டர், காய்ச்சல் வந்த சேவல், எல்லோரும் இந்தத் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். 'பென்னி வாயைத் திறந்தா ஊரே பேசும்' என்பார்கள். இன்றைக்கு ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. கால்சட்டைப் பையில் அந்த இன்னொரு போன் தொடையோடு ஒட்டிச் சுடுகிறது. அதை அணைத்தேனா? பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் அப்பாவிடம் பேசிவிட்டு அணைத்தேனா, வெறுமனே பையில் போட்டேனா? அணைத்திருப்பேன். அணைக்காமல் இருப்பேனா. எடுத்துப் பார்க்க முடியாது, அம்மாவின் கை என் கையோடு இடிக்கிறது.

அம்மா இடதுபுறம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடதுபுறம் அவள் கடல், கிழக்கு, அங்கிருந்து வடக்கே போனால் தூத்துக்குடிக்கு இப்பால் எங்கள் ஊர், உப்பளம், பனை, தேரியின் சிவப்பு மணல். வலதுபுறம் அப்பா கடல். நான் நடுவில், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, இந்த ஊரே மாதிரி. எந்தக் கரை நல்ல கரை என்று என்னை எழுப்பிக் கேட்டால் ரெண்டு குரலிலும் சொல்வேன். அம்மா குரலில்: 'கடல்னா அதுல பொழுது விடியணும்ல. எங்க கரையில சூரியன் தண்ணியிலேர்ந்து எந்திரிச்சி நேரா அடுக்களைக்குள்ள வரும். உங்கப்பன் ஊர்க் கடலு வெறி புடிச்ச மாடு, யாரு கட்டினாலும் கயித்த அத்துக்கும்.' அப்பா குரலில்: 'எடே, உங்கம்மைக்க கடலு கடலா? கொளம்டே. குளிச்சிட்டுக் கேறி வரலாம். எங்க கடலுல அந்திக்குச் சூரியன் எறங்குது பாரு, தங்கத்த உருக்கி ஊத்துனது போல. அதுக்க பொறவு சாளை மீனும் மரச்சீனிக் கெழங்கும், மேல ஒரு மழை. வேற என்னவேணும்?' ரெண்டும் உண்மை. அதுதான் தொல்லை. மே மாசம் அங்கே இருக்கும்போது காலையில் எழுந்ததும் சூரியனைத் தேடுவேன், அது தென்னந்தோப்புக்குப் பின்னால் திருடன் மாதிரி வரும், மனசு ஒப்பாது. ஜூனில் அம்மா ஊருக்குத் திரும்பினால் சாயங்காலம் கடலைப் பார்த்து நிற்பேன், சூரியன் முதுகுக்குப் பின்னால் பனங்காட்டில் விழுந்து தொலையும், அதுவும் ஒப்பாது. ஒரு நாளை முழுசாகப் பார்க்க எனக்கு ரெண்டு வீடு வேண்டும். இல்லையென்றால் ஒரு வீட்டில் ரெண்டு பேர். இங்கே ஒரே இடத்தில் நின்று ரெண்டையும் பார்க்கலாமாம், அதற்குத்தான் இந்தக் கூட்டம். அதனால்தான் இந்த ஊரைச் சொன்னேன். நான் சொன்னேன் என்றால், அப்பாவாக அம்மாவிடமும், அம்மாவாக அப்பாவிடமும் சொன்னேன்.

இதுதான் அந்தச் சிரிப்பின் வால். தலை இன்னும் வரவில்லை. போன வருஷம் ஒரு பழைய போன், ஒரு சிம். அந்த நம்பரை அம்மாவிடம் 'அப்பாவோட புது நம்பர்' என்று கொடுத்தேன். மே மாசம் போனபோது அதே நம்பரை அப்பாவிடம் 'அம்மாவோட புது நம்பர்' என்று கொடுத்தேன். ரெண்டு பேரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், 'எனக்கு எதுக்கு' என்று சொல்லிக்கொண்டே. முதலில் விளையாட்டுதான், சத்தியமாக, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம், என்ன செய்வாள் என்று. படகு நிறுத்துகிற இடத்தில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் பிடித்து, அப்பா அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே, 'பிள்ளே, நான்தான்' என்றேன்.  அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு அம்மா கேட்டாள், 'சாப்பிட்டீங்களா?' அவ்வளவுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை.  மறுநாள் அவளே கூப்பிட்டாள், நான் டியூஷனுக்குப் போகிற நேரம் பார்த்து. 'பயலுக்குத் தெரிய வேண்டாம்' என்றாள். அப்பாவும் அதையே சொன்னார், 'பயலுக்குத் தெரியாண்டாம் பிள்ளே.' பயல் ரெண்டு பேரிடமும் 'சரி' என்றான். டியூஷன் சார் என்னைப் பார்த்தே மாசக்கணக்காகிறது.

'பஸ் எங்க வருதுன்னு கேட்டுப் பாப்பமா?' அம்மா பையைத் திறந்து போனை எடுக்கிறாள்.  'வேண்டாம்மா, பஸ்ஸுக்குள்ள ஒண்ணும் கேக்காது, வந்துருவாரு' என்கிறேன், பாதியில் குரல் உடைந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. அவள் என்னைப் பார்க்கிறாள். போனை மடியில் வைத்துக்கொள்கிறாள், உள்ளே வைக்கவில்லை, ஏன் உள்ளே வைக்கவில்லை. இந்தத் தொண்டை. இதுதான் என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறது. நாலைந்து மாசமாகவே அம்மா குரல் எனக்குள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது. முன்பு கண்ணை மூடினால் வரும், அந்த மெல்லிய இழுப்பு, கடைசியில் ஒரு 'ம்ம்'. இப்போது எட்டிப் பிடித்தால் கீறுகிறது, இன்னும் எட்டினால் கீழே விழுந்து அப்பா குரலில் போய் நிற்கிறது. அப்பா குரல் மட்டும் நாளுக்கு நாள் தானாகவே ஊறுகிறது, கூப்பிடாமலே வருகிறது. ஒரு நாள் அப்பா கூப்பிட்டபோது அம்மா வரவேயில்லை, கரகரவென்று என்னமோ வந்தது. 'தொண்டை கட்டியிருக்குங்க' என்றேன். அடுத்த தடவையும் தொண்டை கட்டியிருந்தது. அதற்கடுத்த தடவையும். 'பிள்ளே, இது சாதாரணத் தொண்டைக்கட்டு இல்ல கேட்டியா. எங்க ஊருல ஒருத்திக்கு இப்பிடித்தான் தொடங்கிச்சு' என்றார் அப்பா. அவருக்கு அது என்ன நோய் என்று வாயில் வரவில்லை. அழுகிறாரோ என்று இருந்தது. 'நான் வந்து பாக்கேன். இப்போ எங்க கரைக்குத் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிப் போட்டாச்சு, சும்மாதான் இருக்கேன்' என்றார். அம்மா கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் அப்பா கரைக்குத் தொடங்கும், சர்க்கார்கூட இவர்களை ஒன்றாக வீட்டில் உட்கார விடுவதில்லை. ஊருக்கு வந்தால் எல்லாம் நாறிவிடும், அம்மாவின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 'கன்னியாகுமரிக்கு வாங்க' என்றேன், கீறின குரலில், அம்மாவாக. ஆகவே தொண்டை நோய் பார்க்க ஒருத்தர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், நோயாளி தொண்டை கணீரென்று என் பக்கத்தில் உட்கார்ந்து 'லே, வெயில்ல மூஞ்சியைக் காட்டாத' என்கிறாள்.

சிரிக்கிறீர்களா? இது இல்லை. இன்னும் இருக்கிறது. இதற்குள் ஒரு ஆள் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் தாண்டிப் போகப் பார்த்தேன், முடியவில்லை. ரெமி மாமா. அம்மாவின் தம்பி. எனக்கு ஆறு வயசில், நாங்கள் மூன்று பேரும் அப்பா ஊரில் இருந்தபோது, அக்காவைப் பார்க்க வந்தவர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மேற்குக் கடலில் வள்ளம் ஏறிப் பார்க்கணும் என்று நச்சரித்தார். அப்பா கூட்டிப் போனார். எனக்கு ஞாபகம் இருப்பது அப்பா தனியாகத் திரும்பி வந்து முற்றத்தில் நின்றது, இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, அது காய்வதற்குள் வீடு நிறைய ஆட்கள் வந்தது. அம்மா கேட்டது ஒரே கேள்வி, அன்றைக்கும் அடக்கத்தன்றைக்கும், 'ஏன் கூட்டிட்டுப் போனீங்க?' அப்பா பதில் சொல்லவில்லை. தப்பு என்றோ விதி என்றோ ஒரு வார்த்தை, ஒரு 'அய்யோ'கூட இல்லை. கல் மாதிரி நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அவரோடு இருந்திருப்பாள், அதை அவளே சித்தியிடம் சொன்னதை நான் பாயில் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொன்னேன். போன புனித வாரத்தில், வள்ளத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அப்பாவாக. 'ரெமிய நான்தான் கூட்டிட்டுப் போனேன். தப்பு எனக்குத்தான் பிள்ளே. மன்னிச்சிரு.' அம்மா அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டு கேட்டேன். பிறகு அம்மாவாக அப்பாவிடம், 'நான் மன்னிச்சிட்டேன்' என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை. செத்துப்போன ஒருத்தருக்காக ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு இன்னொருத்தர் கொடுத்து, ரெண்டும் நான். சாமியார் குரலில் எனக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்துப் பார்த்தேன், மூன்று அருள்நிறை மந்திரம் சொல் மகனே என்று. பலிக்கவில்லை.

காற்று. இதென்ன காற்று, அம்மாவின் முக்காடு பறக்கிறது, சங்குக் கடைக்காரர் ஓடி ஓடிச் சங்கு ஒட்டின கண்ணாடிகளைப் பெட்டிக்குள் வைக்கிறார். மேலைக் காற்று, கச்சான். ஜூன் பிறந்தாலே கச்சான்தான், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது நிலத்திலிருந்து வரும், புழுதியை வாரிக்கொண்டு வந்து கரையோரத்து அலையை எல்லாம் முதுகில் தட்டிப் படுக்க வைத்துவிடும். தூரம் போனால்தான் பயம், கரையோரம் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். இடதுபுறம் அப்படித்தான் கிடக்கிறது, பாருங்கள், பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். வலதுபுறம்... வலதுபுறம் என்ன அது. மேற்கே பாறைக்கு மேல் வெள்ளையாக ஒரு சுவர் எழும்புகிறது, விழுகிறது, விழுந்த சத்தம் பிறகுதான் வருகிறது, திரும்ப எழும்புகிறது, பச்சையும் கறுப்பும் சேறுமாக. அது எந்தக் கடல்? அது அப்பா கடலா? நான் பார்த்த அப்பா கடல் மே மாசத்துக் கடல், அந்திக்குத் தங்கம் உருக்கிய கடல். ஜூனில் எனக்குப் பள்ளிக்கூடம். ஜூனில் நான் அங்கே இருந்ததே இல்லை, ஆறு வயசுக்குப் பிறகு இருந்ததே இல்லை. அங்கே கச்சான் கடலிலிருந்து வருகிறது. வழியில் தடுக்க ஒரு பனைகூட இல்லாமல் அத்தனை கடலையும் தள்ளிக்கொண்டு நேராக முகத்தில் வருகிறது. ஒரே காற்று. இந்தப் பக்கம் தடவுகிறது, அந்தப் பக்கம் அடிக்கிறது. நான் என்ன சொன்னேன். போன வாரம் போனில் நான் என்ன சொன்னேன். அம்மா கேட்டாள், 'கடல் எப்படி இருக்கு அங்க?' நான் பெரிய மீன்பிடிக்காரன் மாதிரி, காலை ஆட்டிக்கொண்டு, 'கச்சான் அடிக்கு பிள்ளே. கடலு தட்டுபோல கெடக்கு' என்றேன்.  டவர் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், 'எப்ப வரணும் கன்னியாகுமரிக்கு?' என்றாள். நான் துள்ளிக் குதித்தேன். வள்ளத்தின் அடிவயிற்றில் முத்தமே கொடுத்தேன். மடையன். ரெமி மாமா போனது கச்சான் மாசம். அந்த மாமனைக் கூட்டிப் போன ஆள் இந்தச் சொல்லைச் சொல்லுவாரா? சொன்னால் அவரை விடச் சண்டாளன் உண்டா? அம்மா சேர்ந்து வாழ வரவில்லை. அதைக் கேட்க வந்திருக்கிறாள்.

எழுந்து போய்விடலாம். 'அம்மா, வயித்த வலிக்குது, ஊருக்குப் போவோம்.' சொல்லு. சொல்லுடா. அதற்குள் அப்பா வந்துவிட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து, நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து இல்லாமல், பின்னாலிருந்து. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஓலைப் பொட்டலம். நின்றார். அம்மா எழுந்தாள். ஒன்பது வருஷத்தை ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் தேடுகிற மாதிரி இருந்தது, நான் என் செருப்பைப் பார்த்தேன். 'வாங்க' என்றாள் அம்மா. மணி அடித்த மாதிரி ஒரு 'வாங்க'. அப்பா முகம் விரிந்துவிட்டது. 'தொண்டை தெளிஞ்சிட்டே பிள்ளே!' என்றார். 'எந்தத் தொண்டை?' 'ஒனக்கத் தொண்டைதான். இந்தா, பனங்கற்கண்டு, மிளகு போட்டுக் காய்ச்சினது, சொல்லிச் செய்ய வச்சேன். மூணு நேரமும் ஒண்ணு வாயில போடு.' அம்மா பொட்டலத்தை வாங்கினாள், எதற்கு என்று தெரியாமலே. 'எனக்குத் தொண்டைக்கு என்ன?' 'ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான், நான் பயந்தே போனேன்.' நான் இருமினேன். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'என்னடே மக்களே, ஒரு மாசத்துக்குள்ள வளந்துட்ட' என்றார் அப்பா. இப்போது நான் என்ன குரலில் பேசுவது? தலையை மட்டும் ஆட்டினேன். அப்படியே உட்கார்ந்தோம், அம்மா, நான், அப்பா.  பேசாமலே பஸ் பிடித்துப் போய்விட்டால் போதும். கலர் மணல்காரரே, இங்கே வாருங்கள், ஏதாவது கூவுங்கள், உங்களுக்குக் கோவில் கட்டுகிறேன்.

'ஒண்ணு கேக்கணும்' என்றாள் அம்மா. கடலைப் பார்த்துத்தான் சொன்னாள், வலதுபுறத்துக் கடலை. 'கச்சான் அடிச்சா உங்க கரையில கடலு தட்டு மாதிரி கெடக்குமா?' அப்பா திரும்பினார். அவர் தோள் என் தோளில் இடித்தது. 'யாரு சொன்னது?' 'நீங்கதான் சொன்னீங்க. போன வாரம்.' 'நானா?' 'நீங்கதான். அதைச் சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்திச்சின்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்டீங்க, நானும் நம்பினேன்.'  கல். திரும்பவும் கல்லாகப் போகிறார், முற்றத்தில் நின்ற மாதிரி, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டப்போகிறது, நாங்கள் வேறு வேறு பஸ் ஏறப்போகிறோம், நான் ஒவ்வொரு மே மாசமும் சூரியனை முதுகுக்குப் பின்னால் தேடிக்கொண்டே கிழவனாகப் போகிறேன். நான் பேசட்டுமா? அவருக்காக நானே பேசிவிடட்டுமா, பழக்கம்தானே. 'நான் சொல்லல' என்றார் அப்பா. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தரையிலிருந்து பொறுக்குகிற மாதிரி. 'ரெமி போனதுக்க பொறவு அந்தக் காத்துக்கப் பேர நான் வாயால சொன்னதில்ல பிள்ளே. வள்ளத்துல ஆளுவ கேப்பினும், என்ன காத்துன்னு. அந்தக் காத்துன்னு மட்டும் சொல்லுவேன். பேரு சொல்ல வராது. அன்னைக்கு நீ கேட்டப்பவும் வாய் வரல. அவன்தான் வள்ளம் ஏறணும்னு கேட்டான், நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இதத்தான் சொல்லணும்னு இருந்தேன். நீ போன்ல மன்னிச்சேன்னு சொன்னப்போகூட, இத நேருல சொல்லணும்னு இருந்தேன்.'

'நான் மன்னிச்சேன்னு சொன்னனா?' அம்மா கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் இடதுபுறத்துக் கடலைப் பார்த்தாள், கால் நனைக்கிற பிள்ளைகளை, தட்டில் ஊற்றி வைத்த தண்ணீரை. பிறகு வலதுபுறத்து வெள்ளைச் சுவரை. திரும்பவும் இடதுபுறம். தலை அப்படிப் போய் இப்படி வரும்போது ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை தாண்டவில்லை. என்மேல் நின்றது. கச்சான் அடித்தால் கடல் தட்டாகக் கிடக்கும் என்று நினைக்கிற ஆள் எந்தக் கரையில் வளர்ந்த ஆளாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். மடியிலிருந்த போனை எடுத்தாள். அவசரமே இல்லை. கட்டைவிரல் இறங்கியது. நான் அணைத்தேன், கக்கூஸில் அணைத்தேன், பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்தேன், பார்த்தேனா, மாதாவே, பார்த்தேன் என்று சொல்லு. அப்பா சட்டைப் பையில் அவர் போன் சும்மா இருந்தது. என் தொடை நடுங்கத் தொடங்கியது. உர்ர், உர்ர் என்று, சுவரின் சிமெண்டில் பட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக் காத்திருந்தாள். எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்ய. காதில் வைத்தேன். 'சாப்பிட்டியாலே?' என்றாள். ஒரு காதில் போனிலிருந்து, மறு காதில் காற்றிலிருந்து, ரெண்டு அம்மா. பதில் சொல்ல ஊர் முழுக்கத் தேடினேன், ஏலக்காரர் இல்லை, சாமியார் இல்லை, சேவல்கூட இல்லை. 'இல்லம்மா' என்றேன். மேலே தொடங்கி நடுவில் பிளந்து கீழே போய் விழுந்தது. அப்பா கொஞ்ச நேரம் என் கையிலிருந்த போனைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தார், என் தொண்டையில் ஏறி இறங்குகிற குமிழைப் பார்த்தார். பிறகு எட்டி, அம்மா மடியிலிருந்த ஓலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, என் மடியில் வைத்தார்.

'எடே,' என்றார், 'அப்போ தொண்டை கட்டுனது ஒனக்கா?'